தெருவுக்குச் சொந்தமான சுவர்

புதுச்சேரியின் பெரிய வாய்க்காலைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடப்பவருக்கு ஊர் மாறுவதை முதலில் சொல்பவை சுவர்கள்தான். கடற்கரைப் பக்கம் உயர்ந்த மதில்கள். மஞ்சளும் வெள்ளையும் பூசிய முகப்பு, நடுவில் ஒரு வளைவு வாசல். உள்ளே யார் வாழ்கிறார்கள் என்பது தெருவுக்குத் தெரியாது. வாய்க்காலின் மேற்குப் பக்கத்தில் தமிழர் வீடுகளின் தாழ்வாரமும் திண்ணையும் தெருவையே வீட்டின் முதல் அறையாக்கிவிடுகின்றன. இந்த இரண்டோடு கடந்த சில பத்தாண்டுகளில் மூன்றாவது வகையும் சேர்ந்திருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பு, பள்ளிக்கூடம், வணிக வளாகம், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் ஜன்னலில்லாத சிமென்ட் சுவர் அது. மதிலின் அழகும் இல்லை, திண்ணையின் உறவும் இல்லை. சுவரொட்டிக்கும் விளம்பரத்துக்கும் மட்டுமே பயன்படுகிறது. அதில் பெரிய ஓவியம் தீட்டலாமே என்ற ஆசை இன்று இந்திய நகரங்கள் பலவற்றில் பரவிவருகிறது.

வரவேற்க வேண்டிய ஆசைதான். ஆனால் பொது இடத்தில் இருப்பதாலேயே ஓர் ஓவியம் பொதுமக்களுடையது ஆகிவிடாது. எந்தச் சுவர், என்ன படம், வரைந்து முடித்தபின் யார் பார்த்துக்கொள்வது என்று மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்தச் சுவரைத் தினமும் பார்த்து வாழ்பவர்களின் பதில் இந்த மூன்றிலும் கலந்திருந்தால்தான் அது சமூக ஓவியம். கலக்காவிட்டால், எவ்வளவு திறமையான கை வரைந்திருந்தாலும், அது தெருவின் மேல் ஒட்டிய இன்னொரு பெரிய சுவரொட்டியே. மற்ற ஊர்களைவிடப் புதுச்சேரிக்கு இந்த வேறுபாடு முக்கியம். இங்கே சுவர் என்பது கட்டடத்தின் ஒரு பகுதி மட்டுமல்ல; ஊரின் வரலாறும் பிழைப்பும் அதில் அடங்கியிருக்கின்றன.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். பழைய புதுச்சேரிக் கட்டடங்கள், பிரெஞ்சு மாளிகையானாலும் தமிழர் வீடானாலும், பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டியவை. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். தரையிலிருந்து ஏறும் ஓதமும் மழையில் குடித்த ஈரமும் அதன் மேற்பரப்பு வழியே ஆவியாகிப் போகும். சுண்ணாம்பு வெள்ளை அடித்தால் இந்த ஓட்டம் தடைப்படாது. ஆனால் இன்று சுவரோவியத்துக்குப் பயன்படும் அக்ரிலிக் எமல்ஷன் வண்ணம் காய்ந்ததும் மெல்லிய பிளாஸ்டிக் தோலாகிவிடுகிறது. ஈரம் அதன் பின்னால் சிக்குகிறது. ஈரத்தில் கரைந்த உப்பு அங்கேயே படிகமாகித் தோலைத் தள்ளுகிறது. முதலில் வண்ணம் கொப்பளிக்கும், பிறகு உப்புப் பூக்கும், கடைசியில் சாந்தே பொலபொலவென்று உதிரும். உப்புக் காற்றும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்த இந்தக் கடலோர ஊரில் அது விரைவாகவே நடக்கும். ஆகவே பழைய சுண்ணாம்புச் சுவரில் நவீன வண்ணத்தால் ஓவியம் தீட்டுவது, அலங்காரம் என்ற பெயரில் அந்தச் சுவரைக் கொல்வது. ரசனை வேறுபாட்டுக்கு இதில் இடமில்லை. சுவரின் இயல்பே அப்படி.

அப்படியென்றால் பழைய தெருக்களுக்கு என்ன செய்வது? புதுச்சேரியே ஒரு பதில் வைத்திருக்கிறது. வைசியாள் வீதி என்று ஊரார் அழைக்கும் கல்வே சுப்பராய செட்டியார் வீதியில், 2000-களின் முற்பகுதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் உதவியோடு, பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் வீட்டு முகப்புகளைச் சீரமைத்தது. தாழ்வாரம், திண்ணை, மரத்தூண், சுண்ணாம்புப் பூச்சு ஆகிய அனைத்தும் அவற்றின் பழைய முறையிலேயே மீண்டன. வீட்டுக்காரர்களும் செலவில் பங்கேற்றார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது அந்தப் பணிக்குக் கிடைத்தது. அங்கே யாரும் சுவரில் படம் வரையவில்லை, தெருவே படமாயிற்று. அத்தகைய தெருக்களையும் கடற்கரைப் பக்கத்து மதில்களையும் தூரிகை தொடாமல் விடுவதே மரியாதை. சுவரோவியத்துக்கு உரிய இடம் அந்த மூன்றாவது வகைச் சுவர்தான்: முத்தியால்பேட்டை, முதலியார்பேட்டை, உழவர்கரைப் பகுதிகளின் சிமென்ட் கட்டடங்கள், மீனவர் குப்பங்களை ஒட்டிய பொதுக் கட்டடங்கள். சுற்றுலாப் பயணியின் வரைபடத்தில் இல்லாத, ஆனால் ஊரின் பெரும்பாலான மக்கள் வாழும் இடங்கள் அவை.

சுவரில் ஓவியம் எழுதுவது தமிழர்களுக்குப் புதிதல்ல. புதுச்சேரியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பனைமலையில், பல்லவன் ராசசிம்மன் கட்டிய கோயிலில் ஓவியத்தின் மிச்சம் இன்றும் இருக்கிறது. அதே அரசன் கட்டிய காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் பிற்காலப் பூச்சின் அடியில் மறைந்துகிடந்த ஓவியங்களை 1931-ல் கண்டுபிடித்தவர், புதுச்சேரியில் கல்லூரி ஆசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழூவோ துப்ரேய். சித்தன்னவாசல் ஓவியங்களை உலகறியச் செய்ததிலும் அவருக்குப் பங்குண்டு. ஆயிரம் ஆண்டு தாண்டி அந்த வண்ணங்கள் நின்றதற்குக் காரணம் இருக்கிறது. காவி, மஞ்சள் போன்ற மண் வண்ணங்கள் இரும்புத் தாதுவிலிருந்து வருபவை. வெயிலிலும் சுண்ணாம்பின் காரத்திலும் எளிதில் வெளுக்காதவை. பளிச்சென்ற ரசாயனச் சிவப்பும் இளஞ்சிவப்பும் பலவேளைகளில் அவற்றுக்கு வெகுமுன்பே மங்கிவிடும். வண்ணம் தேர்வு செய்பவர்கள் இந்தப் பழைய அறிவை நினைவில் கொள்ள வேண்டும். ஆனால் கோயில் ஓவியம் அரசன் ஆணையில், கூரையின் நிழலில் பிறந்தது. தெருவோவியத்துக்கு அரசனும் இல்லை, கூரையும் இல்லை. அதைத் தாங்குவதற்குத் தெருவே வேண்டும்.

இதற்கான சான்றைச் சென்னையில் பார்க்கலாம். 2009 வாக்கில் சென்னை மாநகராட்சி அண்ணா சாலையின் சுவர்களில் தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளை வரையச் செய்தது. சுவரொட்டிகளை ஒழிப்பதே நோக்கம். வினைல் அச்சு வந்தபின் வேலை இழந்திருந்த சினிமா பேனர் ஓவியர்களுக்கு அதனால் கொஞ்சம் வேலையும் கிடைத்தது. நல்ல செயல்தான், ஆனால் அந்தச் சுவர்களைக் கடந்து போனவர்கள் வாகனங்களில் விரைந்தவர்கள், படத்தின் மீது அவர்களுக்கு உரிமையும் இல்லை, பொறுப்பும் இல்லை. 2020-ல் கண்ணகி நகரில் நடந்தது வேறு வகை. நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் குடியமர்த்திய அந்தப் பழைய மகாபலிபுரம் சாலைக் குடியிருப்பில், ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏசியன் பெயின்ட்ஸ் நிறுவனமும் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து அடுக்குமாடிச் சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்களை உருவாக்கின. குடியிருப்பு மக்களின் முகங்களே சில சுவர்களில் ஏறின. பெரும்பாலும் கெட்ட பெயரோடே செய்தியில் வந்துகொண்டிருந்த ஓரிடம் வேறு காரணத்துக்காகப் பேசப்பட்டது. அண்ணா சாலையில் படம் வழிப்போக்கருக்காக வரையப்பட்டது. இங்கே அது வாழ்பவர்களின் வீட்டின் மேலேயே வரையப்பட்டது.

இன்னும் ஒரு படி மேலே போன உதாரணம் பிரான்ஸில் இருக்கிறது. லியோன் நகரில் கட்டடக் கலைஞர் தோனி கார்னியே 1920-களில் தொழிலாளர்களுக்காக எழுப்பிய வாடகைக் குடியிருப்பு ஒன்று உண்டு. 1980-களில் அது சிதைந்த நிலையில் இருந்தபோது, அங்கே குடியிருந்தவர்களே குழு அமைத்துத் தங்கள் கட்டடங்களின் ஜன்னலில்லாத பக்கச்சுவர்களில் ஓவியம் வேண்டும் என்று கேட்டார்கள். சிதே கிரேயசியோன் என்ற ஓவியர் கூட்டுறவு அந்த வேலையை ஏற்றது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 230 சதுர மீட்டர் கொண்ட இருபதுக்கும் மேற்பட்ட சுவர்களில் கார்னியேயின் நகரக் கனவுகளும் பல நாட்டு ஓவியர்கள் கற்பனை செய்த இலட்சிய நகரங்களும் இன்று நிற்கின்றன. அவற்றுள் ஓர் இந்திய ஓவியரின் சுவரும் உண்டு. குடியிருப்பே ஒரு திறந்தவெளி அருங்காட்சியகமாகிவிட்டது. இங்கே கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் சுவர் பழுது பார்க்கப்பட்டது, வாடகைதாரர்கள் பேசினார்கள், பிறகே சாரம் கட்டப்பட்டது. பிரெஞ்சு முகப்புகளைப் பெருமையாகக் காட்டும் ஊர், பிரெஞ்சுத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று சொல்லும் இந்தப் பாடத்தையும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி, என்ன படம். தெருவைக் கேட்காமல் தொடங்கினால் புதுச்சேரிக்கு என்ன கிடைக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல: காகிதப்பூக் கொடி, பழைய சைக்கிள், சிவப்புத் தொப்பி அணிந்த போலீஸ்காரர், பிரெஞ்சுப் பெயர்ப்பலகை. வார இறுதியில் வருபவர் எதிர்பார்க்கும் புதுச்சேரி அது. ஊரில் வாழ்பவர்களின் நினைவில் இருக்கும் புதுச்சேரி வேறு. முதலியார்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக ஆலைச் சங்கொலிக்கு எழுந்தவர்கள் இருக்கிறார்கள். 1936 ஜூலை 30 அன்று சவானா பஞ்சாலையில் போராடிய தொழிலாளர் பன்னிரண்டு பேர் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அந்தப் போராட்டத்தின் விளைவாக அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. ரோடியர் மில் என்று மக்கள் அழைத்த ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் 2020-ல் மூடப்பட்டது. நகரத்தின் பாதிக் குடும்பக் கதைகள் நெசவிலும் நூற்பிலும் ஓடியிருக்க, நகரச் சுவர்களில் அதற்கு இடமில்லை என்றால் அது மறதி. மீனவர் பகுதியான வைத்திக்குப்பத்துப் பெண்களைக் கேட்டால் மீன் கூடையும் கடலரிப்பும் சொல்வார்கள். பள்ளிக் குழந்தைகள் வேறொன்று சொல்வார்கள். கேட்டால்தான் தெரியும்.

புதுச்சேரியில் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006-ல்தான் இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லாமலே ஆண்டுகள் பல ஓடின. வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லாத ஊரில், தெருவின் சம்மதத்தைத் தர யாருக்கு அதிகாரம்? நகராட்சி அதிகாரி ஒப்புதல் கையெழுத்துப் போடலாம். அது சட்டப்படியான அனுமதி மட்டுமே. குடியிருப்போர் சங்கம், மகளிர் சுய உதவிக் குழு, கோயில் நிர்வாகம், மீனவர் பஞ்சாயத்து, எதிரிலுள்ள டீக்கடை என்று தெருவில் உண்மையாகவே கூடிப் பேசும் இடங்களுக்குப் போய்த்தான் சம்மதம் பெற வேண்டும். இரண்டு மூன்று வரைவுகளை அந்தச் சுவரின் கீழேயே ஒரு வாரம் தொங்கவிட்டால் போதும். தெரு தன் கருத்தைத் தானே சொல்லிவிடும்.

மக்கள் கூடினால் கலை நீர்த்துப்போகும் என்பது ஓவியர்கள் பலர் எழுப்பும் ஆட்சேபம். எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று ஆளுக்கொரு கோடு சேர்த்தால் கடைசியில் கிடைப்பது உயிரில்லாத நாட்காட்டிப் படம் என்கிறார்கள். ஆபத்து உண்மையானது. அதைத் தவிர்க்கும் வழி, கதையைத் தெருவும் கோடுகளை ஓவியரும் தீர்மானிப்பது. லாஸ் ஏஞ்சலிஸில் ஜூடி பாக்கா என்ற ஓவியர் 1976 முதல் பல கோடைகளில், வெள்ளநீர்க் கால்வாய் ஒன்றின் கான்கிரீட் சுவரில் ஏறத்தாழ 840 மீட்டர் நீளத்துக்குக் கலிஃபோர்னியாவின் வரலாற்றை வரைவித்தார். நானூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதில் உழைத்தார்கள். பலர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். பாடப்புத்தகம் விட்டுவிட்ட பூர்வகுடிகளின், குடியேறியவர்களின், தொழிலாளர்களின் கதைகளை வரலாற்றறிஞர்களோடும் பெரியவர்களோடும் பேசித் திரட்டினார்கள். அந்த ஓவியத்தை உயிரற்றது என்று யாரும் சொன்னதில்லை. பலர் தந்த கதைகளை ஒரு தேர்ந்த கண் ஒழுங்குபடுத்தியதே அதன் வலிமை.

பலர் சேர்ந்து வரைவதற்கான நுட்பமும் நம் கையருகே இருக்கிறது. சிறிய படத்தின் மேல் கட்டம் போட்டு, சுவரில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பெயர்த்தெழுதுவது நம் பேனர் ஓவியர்களின் அன்றாட முறை. புள்ளி வைத்து இழை இழுக்கும் கோலத்துக்கும் அதற்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றே. உயரமான சாரத்தில் குழந்தைகளையும் முதியவர்களையும் ஏற்ற முடியாது என்பது நியாயமான கவலை. 1984-ல் தொடங்கி நாலாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை உருவாக்கியிருக்கும் ஃபிலடெல்ஃபியா நகரச் சுவரோவியத் திட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. மெல்லிய நெய்யாத துணியில் படத்தைப் பகுதி பகுதியாகக் கோடிட்டு, எந்த இடத்துக்கு எந்த வண்ணம் என்று எண் குறித்துப் பள்ளிகளிலும் சமூகக் கூடங்களிலும் விரித்துவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் நிழலில் உட்கார்ந்து வண்ணம் தீட்டலாம். பிறகு தேர்ந்தவர்கள் அதைச் சுவரில் ஒட்டி இணைப்புகளைத் தீட்டிச் சீராக்குகிறார்கள். சித்திரை வெயில் கொளுத்தும் நம் ஊருக்கு இது மிகவும் பொருந்தும். எப்படிச் செய்தாலும் மழைக்காலம் முடிந்து தை பிறந்தபின் தொடங்குவது நல்லது. புதுப் பூச்சானால் 28 நாளாவது ஆறவிட்டு, பாசியும் தூசியும் போகக் கழுவி, விரிசல் அடைத்து, சிமென்ட்டின் காரத்தைத் தாங்கும் பிரைமர் அடித்த பின்னரே வண்ணத்தைத் தொட வேண்டும். ஓவியத்தின் ஆயுள் பெரும்பாலும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத வேலையில்தான் தீர்மானமாகிறது.

கனமான இன்னோர் ஆட்சேபம் உண்டு. சாக்கடை வழியும் தெருவில் சுவருக்கு வண்ணம் எதற்கு? குடிநீருக்கும் கழிவுநீருக்கும் பதில் சொல்லாதவர்கள் வறுமையை வண்ணத்தால் மூடப் பார்க்கிறார்கள் என்று கண்ணகி நகர் உட்படப் பல இடங்களைப் பற்றியும் கேட்க முடிகிற கேள்விதான் இது. கேட்கவும் வேண்டும். ஓவியம் வந்ததால் குழாயில் தண்ணீர் வராது. ஆனால் ஏழைத் தெருவுக்கு அழகு தேவையில்லை, அது வசதியானவர்களின் தெருவுக்கு மட்டுமே உரியது என்ற முடிவுக்கு இந்த வாதம் போய்விடக் கூடாது. லியோனில் செய்தது போலப் பழுதுபார்ப்பும் படமும் ஒரே திட்டத்தில் வரட்டும். கூரைத் தொட்டி கசியும் சுவரில் வரைந்தால் படமே முதல் மழையில் அழியும். ஆகவே நேர்மையாகச் செய்யும் சுவரோவியம் கசிவை அடைக்கச் சொல்லி முதலில் கேட்கும். படத்துக்காகக் கூடிய தெரு அடுத்த மாதம் சாக்கடைக்காகவும் கூட முடியும். கூட விடாமல் வெளியிலிருந்து வரைந்துவிட்டுப் போகும் படமே வறுமையை மூடும் படம்.

சட்டமும் அரசியலும் குறுக்கே வரும் என்பதும் உண்மை. புதுச்சேரியில் பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 2000-ல் இயற்றிய சட்டம் உண்டு. ஆயினும் தேர்தல் நெருங்கினால் எந்தக் காலிச் சுவரும் தப்புவதில்லை. ஆகவே கட்டடத்தின் சொந்தக்காரர், ஓவியர், தெருவின் சார்பாளர்கள், நகராட்சி ஆகிய நால்வரும் எழுத்துமூலம் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். எத்தனை ஆண்டு படம் இருக்கும், கட்சிச் சின்னமும் நிறுவன முத்திரையும் எந்த அளவுக்கு மேல் வரக் கூடாது, கட்டடத்தை இடிக்க நேர்ந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும், பராமரிப்புக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்பவை அதில் இருக்க வேண்டும். வண்ணம் தரும் நிறுவனத்தின் பெயர் ஓரமாக இருக்கலாம். அதன் விளம்பர வண்ணங்களே படமாகிவிட்டால் சுவர் வாடகைக்குப் போய்விட்டது என்று பொருள்.

ஐந்தாறு ஆண்டில் வெளுத்துப்போகும் ஒன்றுக்கு இவ்வளவு பாடு எதற்கு என்பார்கள் சிலர். அழியாதிருப்பதைத்தான் கலையின் அளவுகோலாக வைக்க வேண்டுமா? விடிகாலையில் வாசலில் இட்ட கோலம் மாலைக்குள் காலடியில் கரைந்துவிடுகிறது. அதனால் மறுநாள் யாரும் இடாமல் இருப்பதில்லை. பொங்கல் வந்தால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது, சென்ற ஆண்டு அடித்தது வீண் என்பதற்காக அல்ல. புதுப்பிப்பதே அந்த வீடு வாழ்கிறது என்பதன் அடையாளம். சுவரோவியத்தையும் அந்தக் கணக்கில் வைத்தால் மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. ஆண்டுதோறும் தை மாதத்தில் ஒரு நாள் தெருவே கூடிச் சுவரைக் கழுவலாம், மங்கிய இடத்தைத் தீட்டலாம், தேவைப்பட்டால் பழைய படத்தை நன்றியோடு அழித்துப் புதியதை எழுதலாம். முதல் முறை துணியில் எண் பார்த்து வண்ணம் தீட்டிய சிறுமி, பத்தாண்டு கழித்து அடுத்த படத்துக்குக் கட்டம் போடுபவளாக வளர்ந்திருப்பாள்.

ஒரு சுவரோவியம் வெற்றி பெற்றதா என்று அறிய அதன் முன் நின்று எத்தனை பேர் படம் எடுத்துக்கொண்டார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. ஐப்பசி மழை ஓய்ந்த மறுநாள் காலை அந்தச் சுவரின் ஒரு மூலையில் வண்ணம் பொரிந்திருக்கும். அதை யார் முதலில் கவனிக்கிறார்கள், யாரிடம் போய்ச் சொல்கிறார்கள் என்று பார்த்தால் போதும். எதிர்வீட்டுக்காரர் பக்கத்துக் கடையில் சொல்லி, அவர் பள்ளி ஆசிரியரிடம் சொல்லி, மாலைக்குள் யாரோ ஒருவர் பழைய வண்ண டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தால் அந்தச் சுவர் தெருவுடையது. புதுச்சேரியில் அப்படிப்பட்ட ஒரே ஒரு சுவர் எழுந்தாலும், அழகான நூறு சுவர்களைவிட அது ஊருக்குச் செய்யும் நன்மை பெரிது.